எல்லாம் வாசித்த லோராந்த்

ஹங்கேரியின் தெற்கே, எங்கள் ஸெகெத் ஊரில் ஸித்தாஷ் லோராந்த் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. "மிந்தெனெஷ்" என்று கேட்டால் சந்தையில் மீன் விற்கிறவள்கூட வழி சொல்வாள். சமையல், துவையல், பெருக்கல், பிள்ளை வளர்ப்பு என்று ஒரு வீட்டின் எல்லா வேலையையும் தலையில் போட்டுக்கொள்ளும் வேலைக்காரிக்கு எங்களிடம் அந்தப் பெயர். அவர் செய்த வேலை என்னவோ ஒன்றுதான். கிளாரினெட் வாசித்தார். ஆனால் ஓபெராவிலும் வாசித்தார், சர்க்கஸிலும் வாசித்தார். கல்யாணம், சாவு, மே தின ஊர்வலம், ஆற்றங்கரை மீன் சாப்பாட்டுக் கடை என்று அவர் ஊதாத இடம் கிடையாது. நான் அவருடைய மனைவி ஹெர்மினா. நாடக அரங்கின் தையலறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள். எனக்குச் சங்கீதம் தெரியாது. அவரைப் பற்றிச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அவருடைய கறுப்புக் கோட்டுக்கு ஏழு முறை அக்குள் மாற்றித் தைத்திருக்கிறேன். அது போதும் என்று நினைக்கிறேன்.

அவர் பிறந்தது ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஊழியர் குடியிருப்பில். அப்பா சிக்னல்காரர். ரயில்வே பேண்டில் பெரிய டிரம் அடிப்பார். டிரம்முக்குப் பக்கத்தில் நின்று காது அடைத்துப்போன பையன், "எனக்குச் சின்னதா ஏதாவது குடுங்க" என்று கேட்டதில் வந்ததுதான் கிளாரினெட். பிறகு இசைப் பள்ளி, ராணுவ பேண்டு, போர். போரிலிருந்து முழுசாகத் திரும்பி வந்தபோது வயது இருபத்து நான்கு. எங்கள் அரங்கின் இசைக்குழுவில் இரண்டாவது கிளாரினெட்டாகச் சேர்ந்தார். பக்கத்து நாற்காலியில் பொங்க்ராத்ஸ். பஸ்ஸூன் என்கிற ஆள் உயரக் குழலை வாசித்தவர். ஊருக்கெல்லாம் அவர் பொங்கி. இதில் நான் நேரில் பார்க்காததையெல்லாம் எனக்குச் சொன்னவர் இந்தப் பொங்கிதான். மிச்சத்தை லோராந்தே சொன்னார், கொஞ்சம் கொஞ்சமாக, பல வருஷங்களில்.

1947 இலையுதிர் காலத்தில் அவரை ஒரு பருவத்துக்கு ஸபாத்காவுக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊரிலிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர். நடுவில் எல்லை. அந்தப் பக்கம் யுகோஸ்லாவியா. ஆனாலும் அங்கே பாதிப் பேர் எங்கள் மொழிதான் பேசுவார்கள். ஹங்கேரிய நாடகக் குழு ஒன்றும் புதிதாக நடந்துகொண்டிருந்தது. அப்போது இரண்டு நாடுகளும் மாமன் மச்சான் போல ஒட்டிக்கொண்டிருந்த நேரம். "எங்க கிளாரினெட்ட நீங்க வெச்சுக்குங்க, உங்க பாடகிய எங்களுக்கு அனுப்புங்க" என்ற மாதிரி ஓர் ஏற்பாடு.

அங்கே மேடையின் விளிம்பில், வாத்தியக்காரர்கள் உட்கார்கிற பள்ளத்தை ஒட்டி, ஒரு சின்னக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்து நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவள் எதெல்கா. பியூகோவிச் எதெல்கா. இருபத்திரண்டு வயது. லோராந்தின் நாற்காலியிலிருந்து இரண்டு கை நீட்டினால் அவள் கூண்டு.

அங்கே ஒரு கிழ நடிகர் இருந்தார். காதலன் வேஷம் கட்டுவார், காதலியின் பெயரையே மறந்துபோவார். எதெல்கா கிசுகிசுப்பாள். அவருக்குக் காது மந்தம். ஒரு நாள் அவள் மூன்று முறை சொல்லியும் அவர் ஊமையாக நிற்க, லோராந்த் கிளாரினெட்டை எடுத்து, பறவை கூப்பிடுவது மாதிரி சின்னதாக ஒரு சுருள் விட்டார். கூட்டம் அதை நாடகத்தில் உள்ளது என்று நினைத்தது. அந்த இடைவெளியில் நடிகர் கூண்டுப் பக்கம் குனிந்து பூ எடுப்பது போல வரியை எடுத்துக்கொண்டார்.

நாடகம் முடிந்து எதெல்கா வந்து நின்றாள்.

"நீங்க ஊதினதக் கேட்டு எனக்கே வரி மறந்துபோச்சு. அப்புறம் எனக்கு யாரு எடுத்துக் குடுப்பா?"

"நான் தர்றேன். ஆனா எனக்கு வசனம் ஒண்ணும் தெரியாதே."

"அது பரவால்ல. இங்க எந்த நடிகருக்குத் தெரியுது?"

அப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாலிச் ஏரிக்கரையில் நடன இசை வாசிப்பார். அவள் அவித்த சோளம் இரண்டு வாங்கி வைத்துக்கொண்டு மரப்பலகையில் காத்திருப்பாள். கல்யாணத்தை அடுத்த இலையுதிர் காலத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அவளுடைய அம்மாவும் சொல்லிவிட்டாள்.

1948 ஜூனில் லோராந்தின் அப்பா இறந்துபோனதாகத் தந்தி வந்தது. எதெல்கா ரயிலடிக்கு வந்தாள்.

"எத்தன நாளு?"

"காரியம் முடிச்சு, அம்மாவ அக்கா வீட்டுல விட்டுட்டு... பதினஞ்சு நாள்."

"பதினாறாவது நாள் நான் இங்கயே வந்து நிப்பேன்."

பன்னிரண்டாவது நாள் வானொலியில் செய்தி வந்தது. யுகோஸ்லாவியத் தலைவருக்கும் ரஷ்யாவுக்கும் சண்டை, எங்கள் அரசாங்கம் ரஷ்யா பக்கம். நேற்றுவரை தோழர்களாக இருந்தவர்கள் இன்றைக்குத் துரோகிகள். எல்லையை மூடினார்கள். அப்புறம் முள்கம்பி. அதற்குப் பிறகு கண்ணிவெடி. பதினாறாவது நாள் அவள் வந்து நின்றாளா இல்லையா என்பது அவருக்குப் பதினெட்டு வருஷம் தெரியாது.

கடிதம் எழுதினார். சிலது திரும்பி வந்தது. சிலது எங்கே போனது என்றே தெரியவில்லை. எங்கே போனது என்று 1950 பிப்ரவரியில் தெரிந்தது. சாதாரண உடுப்பில் இரண்டு பேர் ஒத்திகைக்கு வந்து கூட்டிப்போனார்கள். ஒரு மேஜை. மேஜைமேல் அவருடைய கடிதம். கடிதத்தின் அடியில் ஐந்து கோடு போட்டு, எதெல்காவுக்காக அவரே கட்டிய ஒரு மெட்டை இரண்டு வரி எழுதியிருந்தார்.

"இது என்ன சங்கேதம்?"

"பாட்டு, தோழர்."

"எந்தப் பாட்டு?"

"இன்னும் பேரு வெக்கல."

"பேரில்லாத பாட்டு பெல்கிராடுக்கு எதுக்குப் போகுது?"

"பெல்கிராடுக்கு இல்ல. ஸபாத்காவுக்கு."

வாத்தியத்தை வரவழைத்து ஊதிக் காட்டச் சொன்னார்கள். ஊதினார். கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, "அப்படியே பேசற மாதிரி இருக்கே. என்னமோ சொல்ற. என்ன சொல்ற?" என்று கேட்டு, கிளாரினெட் வாயில் இருக்கும்போதே அதன் அடிப்பக்கத்தில் ஓங்கி அறைந்தார்.

மேல் வரிசையில் முன்பற்கள் இரண்டும் போயின.

கிளாரினெட்காரனுக்கு மேல்பல் என்றால் எனக்கு விரல் மாதிரி. ஊதுவாயின் மேல் அந்தப் பல்தான் பதிந்து நிற்கும். கீழே சீவாளி, அதன்கீழ் உதடு. இந்தப் பிடிமானத்தில் பிறக்கிற ஓசைதான் அவனுடைய ஓசை. ஒருவன் குரல் மாதிரி, இன்னொருவனுக்கு வராது. மூன்றாம் நாள் வெளியே விட்டார்கள். அரங்கில் வேலை போயிற்று. பல் வைத்தியர் எஃகுப் பல் இரண்டு கட்டினார். வீட்டுக்கு வந்து ஊதிப் பார்த்தார். யாரோ அயலான் ஊதுகிற மாதிரி இருந்ததாம். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருப்பா வந்திருக்கா?" என்று கேட்டாளாம்.

மிந்தெனெஷ் ஆனது அதற்குப் பிறகுதான். ஒரு சணல் ஆலையின் பேண்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஆலை முடிந்த மாலைகளில் பண்ணை வீடுகளில் கல்யாணம். கோடையில் ஊர் ஊராகப் போன சர்க்கஸில் சாக்ஸபோன். யானை உட்காரும்போது ஒரு ஓசை, எழும்போது ஒரு ஓசை. கல்லறைத் தோட்டத்தில் பித்தளை வாத்தியங்களுக்கு நடுவே இவர் மட்டும் மரக்குழலோடு நிற்பார். வாத்தியம் எதுவானாலும் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். யார் மாதிரி வேண்டுமானாலும் ஊதுவார். அவர் மாதிரி ஊதுவதுதான் போய்விட்டது.

தீஸா ஆற்றங்கரையில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடை. அங்கே கொலொம்பார் என்ற, ரோமா என்கிற ஜிப்ஸி இனத்து வயலின்காரர் தன் தம்பிகளோடு வாசிப்பார். அவருடைய கிளாரினெட்காரனுக்கு மஞ்சள் காமாலை வந்ததால் லோராந்தைக் கூப்பிட்டார். இவர் ஸ்வரம் எழுதிய தாளும் தாள் வைக்கிற கம்பியுமாகப் போய் நின்றார்.

"ஐயா, கொடி எதுக்குக் கொண்டாந்திருக்கீங்க? மே தினம் முடிஞ்சுபோச்சே" என்றார் கொலொம்பார். தம்பிகள் சிரித்தார்கள்.

"ஸ்வரம் பாக்க..."

"மூணாவது மேஜைல ஒருத்தன் சூப்பத் தொடாம உக்காந்திருக்கான் பாருங்க. அவன் மூஞ்சியப் பாருங்க. அதுதான் ஸ்வரம்."

காமாலைக்காரன் குணமாகி வந்த பிறகும் கொலொம்பார் இவரை விடவில்லை. "இந்த எஃகுப் பல்லுக்காரன் ஊதினா கல்லாவுல இருக்கறவனே அழறான். எங்க ஆளு ஊதினா பொண்டாட்டி மட்டும்தான் அழுவா" என்பார்.

1954இல் அரசாங்கத்தின் முகம் கொஞ்சம் இளகியது. அரங்கில் மறுபடி எடுத்துக்கொண்டார்கள். அந்த இலையுதிர் காலத்தில்தான் கிழிந்த கோட்டோடு தையலறைக்கு வந்தார். எனக்கு அப்போது இருபத்தேழு. போரில் வருங்காலக் கணவனை இழந்தவள். இனி ஊசியே போதும் என்று இருந்தவள்.

"அக்குள் கிழிஞ்சிருக்கு" என்றார்.

"கிழியல. வெந்திருக்கு. நீங்க வேர்வையா விடறீங்க, அமிலமா?"

சிரித்தார். எஃகுப் பல் பளிச்சென்றது. உடனே கையால் வாயை மூடிக்கொண்டார். அந்தக் கை மேலே போன விதத்தில் நான் விழுந்துவிட்டேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

எதெல்காவைப் பற்றிப் பொங்கி அடுத்த வாரமே சொல்லிவிட்டார். "தங்கச்சி, அந்தப் பக்கம் பாக்காத. அந்தக் கடை பூட்டியிருக்கு. சாவி எல்லைக்கு அந்தாண்ட இருக்கு."

பார்க்காமல் இருக்க முடியவில்லை. கோட்டை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாங்கி, நன்றாக இருந்த தையலையும் பிரித்துத் தைத்தேன்.

மறு வருஷம் புடாபெஸ்டிலிருந்து ஓர் அழைப்பு. ஒரு பெரிய இசைக்குழுவில் முதல் கிளாரினெட். திரைக்குப் பின்னால் நின்று வாசிக்க வேண்டிய தேர்வு. பத்தொன்பது பேரில் இவரைத்தான் எடுத்தார்கள். ஊருக்குத் திரும்பி வந்து, போகவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டார். பொங்கி தையலறைக்கு முன்னாலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், உனக்குப் புத்தி இருக்கா? புடாபெஸ்ட்டுடா! முதல் நாற்காலிடா!"

"அங்கேருந்து எல்லை நூத்தி எண்பது கிலோமீட்டர்."

"இங்கேருந்து?"

"பன்னெண்டு."

"பன்னெண்டா இருந்தா என்ன, நூத்தி எண்பதா இருந்தா என்ன? ரெண்டு எடத்துலயும் வெடி ஒண்ணுதானடா!"

"வெடியெல்லாம் எடுக்கறாங்களாம்."

உண்மைதான். அப்போது எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். கடிதப் போக்குவரத்தும் திறந்தது. அவர் எழுதிய நான்கு கடிதமும் "இந்த முகவரியில் இல்லை" என்ற முத்திரையோடு திரும்பி வந்தன.

1956 கலகமும், ரஷ்ய டாங்கிகள் வந்து அதை நசுக்கியதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆஸ்திரியப் பக்கம் அடைபட்ட பிறகு ஜனங்கள் தெற்கே எங்கள் ஊர் வழியாக ஓடினார்கள். ஜனவரியில் ஒரு மத்தியானம் லோராந்த் ஒரு முரட்டுக் குளிர்காலக் கோட்டோடு வந்தார்.

"உள்பக்கம் பாக்கெட் வேணும், ஹெர்மினா. நீளமா. ரெண்டு."

"என்ன வெக்க?"

கிளாரினெட்டின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் துண்டில் சுற்றி மேஜைமேல் வைத்தார்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கம்பளித்துணி இரட்டையாகப் போட்டு, குனிந்தாலும் விழாதபடி மேலே மடிப்பு வைத்து, அவர் உட்கார்ந்திருக்கும்போதே தைத்துக் கொடுத்தேன். நூலை எப்போதும் பல்லால் கடித்து அறுக்கிறவள், அன்றைக்குக் கத்தரியைத் தேடி எடுத்தேன். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று பயமாக இருந்தது.

"நல்ல தையல்" என்றார்.

"ஆமா. ரொம்ப தூரம் தாங்கும்."

விடியலில், பனிமூட்டத்தில், பீட்கிழங்கு வயல் வழியாக எல்லையைத் தாண்டிவிட்டார். அந்தப் பக்கத்துச் சிப்பாய்கள் அடிக்கவில்லை, வையவில்லை. சூடாகத் தேநீர் கொடுத்து, வந்தவர்களையெல்லாம் ஒரு மூடிய லாரியில் ஏற்றினார்கள்.

"என்ன ஸபாத்காவுல எறக்கி விடுங்க. எனக்கு அங்க ஆள் இருக்கு."

"எல்லாருக்கும் எங்கயோ ஆள் இருக்கு. உக்காருய்யா."

லாரி ஸபாத்காவுக்குள்தான் போனது. தார்ப்பாயின் கிழிசல் வழியாக அவர் பார்த்தார். நகர மன்றக் கோபுரம், அதன் வண்ண ஓடுகள், ரொட்டிக் கடை, நாடக அரங்கின் தூண்கள். எதெல்காவின் தெரு முனை வந்தது. லாரி நிற்கவில்லை. கையை நீட்டி, கிழிசலை இன்னும் கொஞ்சம் கிழித்துவிட்டார். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

தெற்கே வெகுதூரத்தில் ஒரு முகாமில் இரண்டு மாதம். அதிகாரிகள் விசாரித்துச் சொன்னார்கள்: பியூகோவிச் எதெல்கா என்ற பெயரில் அந்த நகரத்தில் யாரும் இல்லை. ஸ்வீடனிலிருந்து வந்த ஒருவர், முகாம் கொட்டகையில் இவர் வாசித்ததைக் கேட்டுவிட்டு, தங்கள் ஊர் இசைக்குழுவுக்குக் கூப்பிட்டார். பெல்ஜியத்திலிருந்தும் ஒரு காகிதம் வந்தது. இவர் இரண்டையும் தள்ளிவிட்டு, திரும்பி வருகிறவர்களுக்கு மன்னிப்பு என்று அறிவித்திருந்த வரிசையில் போய் நின்றார். அந்த வரிசையில் மொத்தம் பதினோரு பேர். மேற்கே போகிற வரிசை கட்டடத்தைச் சுற்றி வளைத்திருந்ததாம்.

மார்ச் மாதக் கடைசியில் தையலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். இளைத்து, தாடியோடு.

"பாக்கெட் நல்லா தாங்குச்சு" என்றார்.

நான் ஊசியை எங்கே குத்தி வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

இரண்டு வருஷம் கழித்து, ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தபோது கேட்டார்.

"எனக்குள்ள ஒரு எடம் எப்பவும் காலியாத்தான் கெடக்கும், ஹெர்மினா. தெரிஞ்சே வர்றியா?"

"எவ்வளவு பெரிய எடம்?"

"தெரியல."

"வந்து அளந்துக்கறேன். எனக்கு அதுதானே தொழில்."

நன்றாகத்தான் வாழ்ந்தோம். பொய் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் சூப், குளிர்காலத்தில் கசகசா ரொட்டி, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வானொலிப் பெட்டி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அரங்கில் அவர் இப்போது எல்லாமாக இருந்தார். முதல் கிளாரினெட்டுக்குக் காய்ச்சல் என்றால் அவர். ஓபெரெட்டா என்கிற கேளிக்கை ஓபெராவில் சாக்ஸபோன் அவர். பழைய சரித்திர நாடகத்துக்குத் தாரோகாதோ என்கிற எங்கள் நாட்டுக் குழல் வேண்டுமென்றால் அவர். மேடையில் ஆடு கத்த வேண்டுமென்றால் அதுவும் அவர். ஆனால் வானொலியின் முள்ளை அவர் தெற்குப் பக்கத்து நிலையங்களில் திருப்பி வைத்திருப்பார். நான் காலையில் வந்து மாற்றி வைப்பேன். மாலையில் மறுபடி அங்கே இருக்கும். அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

1965இல் ஸபாத்கா நாடகக் குழு எங்கள் அரங்கில் வந்து ஆடியது. அவர்களுடைய உடைகளைப் பார்த்துக்கொண்ட பெண்மணியோடு நானும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"எதெல்காவா? கூண்டுக்குள்ள இருந்தவளா? அவ ஐம்பத்தொண்ணுலயே கால்நடை டாக்டரக் கட்டிக்கிட்டா. ஊருக்கு வெளிய, பாலிச் பக்கம் இருக்காங்க. ரெண்டு பசங்க. ஏன், உங்களுக்கு ஒறவா?"

"ஒரு விதத்துல" என்றேன்.

அந்தச் செய்தியை மூன்று வாரம் என்னிடமே வைத்திருந்தேன். சொல்லாமலே விட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? இதையேதான் மூன்று வாரமும் யோசித்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சூப்புக்குச் செம்மிளகாய்ப் பொடி போட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். அவர் கேட்டது இவ்வளவுதான்: "நீயும் வர்றியா?"

எல்லையோர ஜனங்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். 1966 செப்டம்பரில் பஸ்ஸில் போனோம். நாற்பத்தைந்து கிலோமீட்டர். சோதனைக்கு நின்ற நேரத்தையும் சேர்த்து ஒன்றேமுக்கால் மணி.

எதெல்கா வாசலுக்கே வந்துவிட்டாள். பருத்து, சிவந்து, மாவு அப்பிய கையோடு இருந்தாள். "வாங்க, வாங்க!" என்று தெருக்கோடி வரை கேட்கிற குரல். லோராந்த் அந்தக் குரலைக் கேட்டு ஒரு கணம் பின்வாங்கினார். அவளுடைய கணவர் கண்ணியமான மனிதர். எங்களோடு ஒரு பிளம் சாராயம் குடித்துவிட்டு, எங்கோ ஒரு பசு கன்று போடப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். அந்தப் பசு நிஜமாகவே இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான்.

கோழிக் குழம்பும் மாவுருண்டையும் பரிமாறிக்கொண்டே அவள் சொன்னாள்.

"பதினாறாவது நாள் ரயிலடிக்கு வந்தேன். ரயிலே வரல. ரெண்டரை வருஷம் இருந்தேன், லோராந்த். கடுதாசி ஒண்ணும் வரல. அப்புறம்தான் கட்டிக்கிட்டேன். ரெண்டரை வருஷம் கம்மியா?"

"கம்மி இல்ல" என்றார் அவர்.

"ஐம்பத்தேழு ஜனவரில லாரி லாரியா ஆளுங்க வந்தாங்க. நாங்க பொம்பளைங்க சதுக்கத்துல நின்னு ரொட்டி குடுத்தோம். ஒவ்வொரு லாரியா எட்டிப் பாத்தேன்."

"எங்க லாரி நிக்கல."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். நான் உப்பு கேட்டேன். குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் எதெல்கா அவரை வாசிக்கச் சொன்னாள். அவர் பெட்டியைத் திறந்து, சீவாளியை நாக்கில் நனைத்து, கடிதத்தில் போய்ச் சேராத அந்த இரண்டு வரி மெட்டை வாசித்தார். பெயர் வைக்காதது. நானும் அதைக் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்தது. எதெல்கா கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் கண்ணைத் திறந்து, ஏதோ தேடுகிறவள் போல அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். "ஆனா... இது நீங்க இல்லையே."

அவர் உதட்டைத் தூக்கிக் காட்டினார். எஃகுப் பல் இரண்டும் தெரிந்தன. "எப்படி?" என்று அவள் கேட்டாள். கடிதத்தில் எழுதிய மெட்டால் என்று அவர் சொல்லவில்லை. கீழே விழுந்துவிட்டதாகச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் எல்லை தாண்டுகிற வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார்:

"அவளத்தான் நெனச்சு ஏங்கிட்டு இருக்கேன்னு இத்தன வருஷமும் நெனச்சேன். அவ காதுல ஒருத்தன் ஊதிட்டே இருக்கானே, ஹெர்மினா, அவன் எப்படி ஊதினான்னு எனக்கே மறந்துபோச்சு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பொறாமை அன்றைக்குத்தான் எனக்கு வந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்து இல்லை. அந்தப் பழைய ஓசை அவள் காதில் இருக்கிறது. என்னிடம் இல்லை. நான் வந்து சேர்வதற்கு நான்கு வருஷம் முன்பே அது போய்விட்டது.

அதற்குப் பிறகு அந்த ஓசையைத் தேடுவதே அவருக்கு வேலையாயிற்று. ஊதுவாயை மாற்றினார். சீவாளியைக் உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து மெலியவைத்தார். எஃகுப் பல்லைக் கழற்றிவிட்டுப் பீங்கான் பல் கட்டிக்கொண்டார். சமையலறையில் நின்று ஊதிவிட்டு, "இப்ப?" என்று என்னைக் கேட்பார். எனக்கு என்ன தெரியும்? அதனால் வருஷத்துக்கு ஒரு முறை, திராட்சை பறிக்கிற சமயத்தில், எதெல்கா வீட்டுக்குப் போவோம். அவர் வாசிப்பார். அவள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுவாள். "இல்ல, லோராந்த். இன்னும் வரல." அவள் ஒரு தடவைகூட ஆறுதலுக்காகச் சொன்னதில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது. நான் அவளுக்குப் பாவாடை தைத்துக் கொடுப்பேன், அவள் எனக்கு ஊறுகாய் ஜாடி கொடுத்தனுப்புவாள். 1973இல் ஒரு தடவை மட்டும், "கொஞ்சம் கிட்ட வந்திருக்கு" என்றாள். அன்றைக்குப் பஸ்ஸில் வழிநெடுக விசிலடித்துக்கொண்டு வந்தார். ஓட்டுநர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

1981 மார்ச்சில், ஒத்திகைக்குப் போகக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அறுபது வயது. டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

சவ அடக்கத்துக்கு அரங்கின் இசைக்குழு வந்தது. சணல் ஆலை பேண்டும் வந்தது. கொலொம்பாரின் தம்பிகள் இருவர் வயலினோடு வந்தார்கள். எந்த ஊரிலிருந்தோ சர்க்கஸ்காரர்கள் மூன்று பேர் பித்தளைக் குழலோடு வந்து நின்றார்கள். யார் வாசிப்பது என்பதில் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே தகராறு.

"அவரு எங்க ஆலைக்காரரு."

"நாலு கோடை எங்க யானைக்கு ஊதினாரு, அண்ணே!"

"எங்க கடைல அவரு அழ வெச்ச ஆளுங்களக் கூட்டினா இந்தத் தோட்டம் பத்தாது."

பாதிரியார் மழையில் குடையோடு காத்திருந்தார். பொங்கி நடுவில் வந்து, "எல்லாரும் வாசிங்கடா. அவன் என்ன ஒருத்தனா?" என்றார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வாசித்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எதெல்கா தன் கணவரோடு வந்திருந்தாள். கடைசிவரை என் முழங்கையை விடவில்லை.

இப்போது எட்டு வருஷம் ஆகிறது. எங்கள் ஊர் வானொலியில் செவ்வாய்க்கிழமைகளில் பழைய பதிவுகளைப் போடுவார்கள். எங்கள் அரங்கின் ஓபெரா, ஏதோ ஓபெரெட்டா, ஆலை பேண்டின் ஊர்வல இசை. கிளாரினெட் வாசித்தவர் பெயரை யாரும் அறிவிப்பதில்லை. நான் பெட்டியின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்பேன். இருபத்திரண்டு வருஷம் அந்த மனிதனோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அவருடைய இருமலை நூறு இருமலில் கண்டுபிடிப்பேன். ஆனால் அந்தக் குழல் அவருடையதா என்று எனக்குத் தெரிவதில்லை. யார் மாதிரியும் ஊதத் தெரிந்தவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதனால் பொங்கியைக் கூப்பிட்டு வைத்துக்கொள்வேன். எண்பதை நெருங்குகிறார், காது நன்றாகக் கேட்கிறது. காபிக் கோப்பையோடு கண்ணை இடுக்கிக்கொண்டு உட்காருவார்.

"அண்ணே, இது அவரா?"

"அவன்தான், தங்கச்சி. அந்த மூச்ச எடுக்கறான் பாரு. அவனேதான்."

போன செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் சொன்னார். நிகழ்ச்சி முடிந்ததும், அது 1983இல் பதிவு செய்த இசை என்று அறிவிக்கிற பெண் சொன்னாள். அவர் இறந்து இரண்டு வருஷத்துக்குப் பிறகு. அந்த நேரம் பொங்கி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை. நான் எழுந்து அவருக்கு இன்னொரு கோப்பை காபி ஊற்றினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டேன்.